பிரின்ட்டர் ஹவுஸ்ஃபுல்!

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை பத்தே கால். டீ கிளாஸை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போகிறேன்... அக்கவுன்ட்ஸ் பையன் ஓடி வருகிறான். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. முகத்தில் ஈயாடவில்லை.

''ஸார்... பிரின்ட்டர் செத்துப்போச்சு ஸார்!''

''எப்போ?''

''இப்பத்தான் ஸார். நான் ஒண்ணுமே பண்ணலை. பிரின்ட் குடுத்தேன். அவ்ளோதான்!''

எந்த ஆபீஸில் எந்த மெஷின் மண்டையைப் போட்டாலும் பக்கத்தில் இருப்பவர் கொடுக்கும் முதல் வாக்குமூலம் இதுதான் - 'நான் ஒண்ணுமே பண்ணலை!'

டீயை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். பிரின்ட்டர் சாகவில்லை. மூச்சு முட்டி உட்கார்ந்திருந்தது. அதன் குட்டித் திரையில் 'மெமரி போதவில்லை' என்கிற அர்த்தத்தில் ஒரு வாசகம். கம்ப்யூட்டரில் க்யூவைத் திறந்தால், ஒரே ஃபைல் ஒன்பது முறை வரிசையில் நிற்கிறது. யாரோ ஏஜென்ட் செல்போனில் போட்டோ பிடித்து, பி.டி.எஃப். ஆக்கி அனுப்பிய 64 பக்க பில்கள். போதாக்குறைக்குத் தரம் '1200' என்று வைத்து, இரண்டு பக்கமும் அடிக்கச் சொல்லியிருக்கிறான்.

''ஒன்பது வாட்டியாப்பா குடுப்பே?''

''முதல்ல குடுத்தேன், வரலை. மறுபடி குடுத்தேன், வரலை. அப்புறம் கோபத்துல அமுக்கிட்டேன் ஸார்...''

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், சிரிக்கவில்லை. சிரிக்கிற யோக்யதை எனக்கு இல்லை! 1997-ல் இதே தப்பை நான் பண்ணினேன். அன்றைக்கு என் வேலையே அந்த பிரின்ட்டரின் வாயில் மாட்டிக்கொண்டிருந்தது.

மவுண்ட் ரோடு, மூன்றாவது மாடி

அப்போது எனக்கு 24 வயது. மவுண்ட் ரோடில் ஒரு கட்டட கான்ட்ராக்ட் கம்பெனி. மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, ஓடாது. அங்கே நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஆறு மாதம் புரொபேஷன். அது முடிய இன்னும் ஐந்து நாள் பாக்கி. நிரந்தரம் ஆகுமா, 'நாளையிலேர்ந்து வர வேணாம்ப்பா' ஆகுமா என்பது மானேஜர் கையில். ஊரில் என் அப்பா பிராவிடன்ட் ஃபண்டில் கடன் வாங்கித்தான் எனக்குக் கம்ப்யூட்டர் கோர்ஸ் பீஸ் கட்டியிருந்தார். தபால் கார்டு வாராவாரம் வரும். கடைசி வரி மாறாது: 'வேலை பர்மனென்ட் ஆயிற்றா?'

ஆபீஸில் தினப்படி வேலைக்கு ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்ட்டர். கொர்ர்... கொர்ர்... என்று நாள் முழுக்கக் கத்தும். மானேஜர் ரூம் மூலையில், துணி போர்த்தி, ஒரு லேசர் பிரின்ட்டர். அது மாப்பிள்ளை மாதிரி. டெண்டர் போன்ற விசேஷங்களுக்கு மட்டும்தான் வெளியே வரும்.

அன்றைக்கு ஒரு டெண்டர். சேப்பாக்கத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் மதியம் 3 மணிக்குள் பெட்டியில் போட்டாக வேண்டும். 42 பக்கம், இரண்டு பிரதி. மானேஜர் முதல் நாள் சாயங்காலமே ஆசையாகச் சொல்லிவிட்டார்.

''தம்பி, நம்ம கம்பெனி லோகோ இருக்கே... அதை ஒவ்வொரு பக்கத்துலேயும் பின்னாடி லேசா, பக்கம் பூரா வர்ற மாதிரி போட்டுடு. பாக்கறவன் அசந்துடணும்!''

போட்டேன். ஸ்கேன் பண்ணி, சாம்பல் நிறத்தில், 42 பக்கத்திலும் முழு அளவுக்குப் போட்டேன். தமிழ்க் கவரிங் லெட்டரில் தலைப்பு ஒரு அளவு, உபதலைப்பு ஒரு அளவு, விஷயம் ஒரு அளவு. இங்கிலீஷில் ஐந்து வித எழுத்துரு. கடைசியில் கட்டட வரைபடம் ஒன்று. கல்யாணப் பத்திரிகை கெட்டது போங்கள்!

காலை பத்தரைக்கு மானேஜர் ஈ.எம்.டி. டிராஃப்ட் எடுக்க பேங்குக்குக் கிளம்பினார். நான் பிரின்ட் கொடுத்தேன். முதல் பக்கம் வந்தது, பாதி. மீதிப் பாதி அடுத்த தாளில் தனியாக வந்தது. பிரின்ட்டரில் ஆரஞ்சு விளக்கு. ஏதோ ஒரு நம்பர். மறுபடி கொடுத்தேன். மறுபடி பாதி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். பாதி. ஆறு முறை கொடுத்தேன். ஆறு முறையும் பாதிப் பாதியாகத் துப்பியது. மணி பதினொன்று.

மானேஜரைக் கேட்கலாம் என்றால், பேங்க் க்யூவில் நிற்பவரை எப்படிப் பிடிப்பது? அன்றைக்கு செல்போன் என்பது சேட்டு வீட்டுச் சமாசாரம்.

டவுன் பஸ்ஸும் லேசர் பிரின்ட்டரும்

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி, அது ஏன் பாதியோடு நின்றது என்று பார்த்துவிடலாம். இது தெரிந்தால் உங்கள் ஆபீஸில் பாதி சண்டை குறையும்.

டாட் மேட்ரிக்ஸ் இருக்கிறதே, அது ஷேர் ஆட்டோ. ஒரு வரி ஏற்றும், இறக்கும். அடுத்த வரி வர லேட்டானால், தலையை ஓரமாக வைத்துக்கொண்டு காத்திருக்கும். அவசரமே கிடையாது.

லேசர் பிரின்ட்டர் டவுன் பஸ். கண்டக்டர் டபுள் விசில் கொடுத்துவிட்டால் அடுத்த ஸ்டாப்பில்தான் நிற்கும். உள்ளே ஒரு டிரம் சுற்றுகிறது. லேசர் ஒளி, சுழலும் பலகோணக் கண்ணாடி ஒன்றில் பட்டு, அந்த டிரம்மில் வரி வரியாகக் கோடு இழுக்கிறது. ஒளி பட்ட இடத்தில் டோனர் பவுடர் ஒட்டி, தாளுக்கு மாறி, சூடான ரோலரில் உருகிப் பதிகிறது. நிமிடத்துக்கு 8 பக்கம் தரும் மெஷின் என்றால் ஒரு பக்கத்துக்கு ஏழரை வினாடி. அதற்குள் 300 புள்ளித் தரத்தில் சுமார் 3,500 வரி இழுத்தாக வேண்டும். வினாடிக்கு ஏறக்குறைய 500 வரி! நடுவில், 'ஒரு நிமிஷம் இருங்க, அடுத்த வரி கம்ப்யூட்டர்லேர்ந்து இன்னும் வரலை' என்று தாளைப் பிடித்து வைக்க முடியாது.

அதனால், தாள் கிளம்பும் முன்பே பக்கம் முழுக்க பிரின்ட்டரின் மெமரியில் ஏறியிருக்க வேண்டும். பயணிகள் அத்தனை பேரும் ஏறின பிறகுதான் விசில்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஏ4 தாள் 8.27 அங்குலத்துக்கு 11.69 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2,480 x 3,508. அதாவது, சுமார் 87 லட்சம் புள்ளி. எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட். ஆக 10.87 லட்சம் பைட். ஒரு எம்.பி. என்பது 10,48,576 பைட்தான். புரிகிறதா? என் பிரின்ட்டரில் இருந்த மொத்த மெமரி ஒரே ஒரு எம்.பி.! ஓரம் விட்டது போகக் கணக்குக் கொஞ்சம் குறையும். ஆனால், அந்த ஒரு எம்.பி.யில்தான் பிரின்ட்டர் தன் சொந்தக் காரியங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'அப்புறம் எப்படி ஒரு எம்.பி.யில் இத்தனை நாள் லெட்டர் அடித்தாய்?' என்கிறீர்களா? எழுத்தை அது புள்ளியாக வைத்துக்கொள்வதில்லை. 'இந்த இடத்தில் A, அந்த இடத்தில் B' என்று குறிப்பாக வைத்துக்கொள்ளும். ஒரு பக்கக் கடிதம் நாலைந்து ஆயிரம் பைட்டில் முடிந்துவிடும். எழுத்தின் உருவம் பிரின்ட்டருக்குள்ளேயே நிரந்தரமாக இருக்கும். படம் அப்படி இல்லை. ஒவ்வொரு புள்ளியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறும்.

லேசான சாம்பல் நிறம் என்றால் லேசான மெமரிதானே என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் கோட்டைவிட்டேன். கறுப்பு டோனர் பிரின்ட்டரில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. கறுப்புப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்துக் கண்ணை ஏமாற்றுகிறார்கள். வெறும் வெள்ளையைச் சுருக்கி மடித்து வைத்துவிடலாம். தூவின எள் மாதிரி இருக்கும் சாம்பலைச் சுருக்குவது கஷ்டம்.

லேசர்ஜெட் வகையறா பிரின்ட்டர்களில் அந்தக் காலத்தில் இரண்டு பிரபலமான நம்பர்கள் உண்டு. 20 என்றால் 'பஸ் ஹவுஸ்ஃபுல்'. ஏறின வரைக்கும் அச்சடித்துவிட்டு, மிச்சப் பயணிகளை அடுத்த தாளில் ஏற்றும். 21 வேறு வியாதி. (21ஜி பஸ் ஞாபகம் வந்தால் தப்பில்லை. விஷயம் அதேதான்!) பக்கத்தைப் புள்ளியாக மாற்றும் வேலை முடிவதற்குள் டிரம் கிளம்பிவிட்டது, ஆள் ஃபுட்போர்டுக்குப் பின்னால் ஓடி வருகிறார் என்று அர்த்தம். இதற்கு 'பேஜ் ப்ரொடெக்ட்' என்று ஒரு வசதி. முழுப் பக்கத்துக்கான இடத்தையும் முன்கூட்டியே துண்டு போட்டு ரிசர்வ் பண்ணி வைக்கும். ஆனால், துண்டு போட இடம் வேண்டுமே... மெமரி நிறைய இருந்தால்தான் அதுவும்!

பிறக்கும்போதே பிறந்த பிரச்னை

லேசர் பிரின்ட்டரைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஜெராக்ஸ் கம்பெனி எஞ்சினீயர் கேரி ஸ்டார்க்வெதர். நியூயார்க் மாகாணத்தில் வேலை பார்த்த இடத்தில் அவருடைய யோசனைக்கு மரியாதை இல்லை. 1971-ல் கலிஃபோர்னியாவில் அதே கம்பெனியின் 'பார்க்' ஆராய்ச்சிக் கூடத்துக்கு மாறி, ஒரு ஜெராக்ஸ் மெஷினைப் பிரித்து லேசரைப் பொருத்திக் காட்டினார். 1977-ல் 'ஜெராக்ஸ் 9700' என்று விற்பனைக்கு வந்தது. நிமிடத்துக்கு 120 பக்கம்! 2019-ல்தான் காலமானார். நாம் தினம் திட்டுகிற மெஷினைப் பெற்றவர் அவர்.

1984-ல் ஹெச்.பி.யின் முதல் லேசர்ஜெட் வந்தது. மெமரி 128 கே.பி. மட்டும்! எழுத்துக்குப் போதும். முழுப் பக்கப் படம் வேண்டுமென்றால் அங்குலத்துக்கு 75 புள்ளி என்று சொரசொரப்பாகத்தான் கிடைக்கும். அடுத்த வருடம் லேசர்ஜெட் ப்ளஸ்ஸில் 512 கே.பி. ஆக்கினார்கள். அதே 1985-ல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் 1.5 எம்.பி.யோடு வந்தது. அதை ஓட்டிய மெக்கின்டோஷ் கம்ப்யூட்டரின் மெமரியோ 512 கே.பி.! முதலாளியைவிட குமாஸ்தாவுக்கு மூளை மூன்று மடங்கு! விலையும் அப்படித்தான். கம்ப்யூட்டரைவிட பிரின்ட்டர் இரண்டு மடங்குக்கு மேல்.

நம் தமிழுக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம் இருந்தது. இங்கிலீஷ் எழுத்து பிரின்ட்டருக்குள்ளேயே பிறந்தது. தமிழ் எழுத்து வெளியூர்க்காரன். கம்ப்யூட்டரிலிருந்து மூட்டை முடிச்சோடு பிரின்ட்டருக்குக் குடிபெயர வேண்டும். பழைய பிரின்ட்டர்களில் ஒவ்வொரு அளவும் தனி மூட்டை. 12 பாயின்ட் எழுத்து ஒன்று 50 x 50 புள்ளிக் கட்டத்தில் சுமார் 300 பைட். 24 பாயின்ட் என்றால் இரண்டு மடங்கு ஆகும் என்று நினைப்போம். நீளமும் அகலமும் சேர்ந்து நாலு மடங்கு. 1,250 பைட்! மூன்று அளவில் தமிழ் போட்டால் மூன்று குடும்பம் ஒரே ஒண்டுக் குடித்தனத்தில்!

'நாளைக்கு வர்றேன் ஸார்!'

சரி, 1997-க்கு வருவோம். மணி பதினொன்றே கால். சர்வீஸ்காரருக்கு போன் போட்டேன்.

''மெமரி கம்மி ஸார். 2 எம்.பி. கார்டு போட்டா சரியாயிடும்.''

''எவ்வளவு ஆகும்?''

சொன்னார். என்னுடைய இரண்டு மாதச் சம்பளம்!

''எப்ப வருவீங்க?''

''நாளைக்கு காலையில ஃபர்ஸ்ட் கால் உங்களுதுதான் ஸார்.''

நாளைக்கு! நான் ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் அப்பாவின் போஸ்ட் கார்டு தெரிந்தது.

எங்கள் ஆபீஸில் டெஸ்பாட்ச் பார்க்கும் பெரியவர் ஒருவர் உண்டு. ரிட்டயராகிவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தவர். கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். 'தொட்டா ஷாக் அடிக்கும்' என்பது அவர் சித்தாந்தம். கீழே கிடந்த பாதிப் பக்கங்களைப் பொறுக்கி அடுக்கியபடி கேட்டார்:

''என்ன தம்பி, பாரம் தாங்கலையா அதுக்கு?''

''ஆமாங்கய்யா. மெமரி பத்தலை.''

''எங்க காலத்துல சைக்ளோஸ்டைல் மெஷின்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினேன். பாரமான படத்தைத் தனி ஸ்டென்சில்ல போடுவோம். எழுத்தைத் தனியாப் போடுவோம். எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டு ஒரேயடியாத் தூக்குன்னா, மனுஷனாலேயே முடியாதே... மெஷின் என்ன பண்ணும்? எதை எறக்கலாம்னு பாரு.''

'மெஷினை எப்படிப் பெரிசாக்குவது?' என்றுதான் நானும் சர்வீஸ்காரரும் யோசித்தோம். 'பாரத்தை எப்படிச் சின்னதாக்குவது?' என்று அந்த அறையில் யோசித்தவர் அவர் ஒருவர்தான். எழுந்தேன். ஒவ்வொன்றாக இறக்கினேன்.

முதலில் க்யூவில் கிடந்த பழைய பிரின்ட் எல்லாவற்றையும் அழித்தேன். பிரின்ட்டரை ஆஃப் செய்து கொஞ்ச நேரம் கழித்து ஆன் செய்தேன். உள்ளே தங்கியிருந்த எழுத்துருக் குடும்பங்கள் காலி. (அவற்றில் ஒரு வகைக்குப் பெயர் 'பர்மனென்ட்' எழுத்துரு. கரன்ட் போனால் அதுவும் போய்விடும். பர்மனென்ட் என்கிற வார்த்தையின் லட்சணம் அன்றைக்கே தெரிந்துவிட்டது!)

அடுத்து, கடைசி வரைபடம். 300-லிருந்து 150 புள்ளிக்கு இறக்கினேன். தரம் பாதி, மெமரி கால்வாசி. 2.7 லட்சம் பைட்டில் அடங்கிவிட்டது. கோடுகள் கொஞ்சம் ரம்பப் பல் மாதிரி தெரிந்தன. ஆனால், அளவுகள் தெளிவாகப் படிக்க முடிந்தது. அது போதும்.

ஐந்து இங்கிலீஷ் எழுத்துருவும் வெளியே. பிரின்ட்டருக்குள்ளேயே இருந்த ஒன்றே ஒன்று உள்ளே. தமிழ்க் கடிதத்தில் மூன்று அளவு இரண்டு ஆனது.

42 பக்கத்தையும் ஒரேயடியாக அனுப்பாமல் ஐந்து ஐந்தாகப் பிரித்தேன். ஒரு தவணை முடிந்ததும் அதற்காக இறங்கின எழுத்துருக்கள் வெளியேறும். எங்கேயாவது நின்றாலும் எந்தப் பக்கத்தில் என்று உடனே தெரியும். இரண்டு பிரதி வேண்டும் என்பதால், 'கொலேட்' என்கிற அடுக்கும் வசதியை எடுத்துவிட்டேன். அது இருந்தால் அன்றைய சின்ன பிரின்ட்டர்களில் முழு டாக்குமென்ட்டும் முதலிலிருந்து இன்னொரு முறை வர வேண்டும். எடுத்துவிட்டால், ஒரு பக்கத்தை மெமரியில் வைத்தபடியே இரண்டு தடவை அடித்துத் தள்ளும். அடுக்கும் வேலையைப் பெரியவர் எடுத்துக்கொண்டார்.

எல்லாம் சரி. லோகோ?

மானேஜரின் ஆசை லோகோ. பாரத்தில் முக்கால்வாசி அதுதான். எடுத்தால்தான் டெண்டர் போகும். எடுத்தால் என் வேலையும் போகலாம்! ஐந்து நிமிடம் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். அழித்தேன். முதல் பக்கத்தின் மூலையில் மட்டும் ஓர் அங்குலச் சதுரமாக வைத்தேன். அது வெறும் 11,250 பைட். முழுப் பக்கத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்கு.

பிரின்ட் கொடுத்தேன். ர்ர்ர்... முதல் பக்கம் முழுசாக வந்தது. இரண்டாவது... மூன்றாவது... ஆரஞ்சு விளக்கு எரியவில்லை. வரைபடம் வந்தபோது மட்டும் நானும் பெரியவரும் மூச்சுவிடவில்லை. வந்தது!

இரண்டே காலுக்கு மானேஜர் டிராஃப்ட்டோடு வந்தார். புரட்டினார். இன்னொரு முறை புரட்டினார்.

''தம்பி... லோகோ எங்கே?''

''ஸார்... லோகோ வெச்சா பக்கம் பாதிதான் வருது. நேரம் இல்லை. உங்களைக் கேக்க வழியும் இல்லை. நானா எடுத்துட்டேன் ஸார்.''

அறையில் ஃபேன் சத்தம் மட்டும். பெரியவர் தொண்டையைக் கனைத்தார். ''ஸார், மணி ரெண்டு இருபது. 84 பக்கத்துலேயும் கையெழுத்துப் போடணும்.''

மானேஜர் பேனாவைத் திறந்தார். அவர் கையெழுத்துப் போட, நான் சீல் குத்த, பெரியவர் கவர் ஒட்ட... ஆபீஸ் டி.வி.எஸ்.50-ல் நான் சேப்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது மணி 2.51. கவர் பெட்டிக்குள் விழுந்த அந்த 'தொப்' சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

டெண்டர் கிடைத்ததா? இல்லை! ரேட்டில் நாங்கள் மூன்றாவது. லோகோ இல்லாததால் தோற்கவில்லை. லோகோ இருந்திருந்தாலும் ஜெயித்திருக்க மாட்டோம்.

ஐந்தாம் நாள் மானேஜர் கூப்பிட்டார். ''ஒரு லெட்டர் அடிக்கணும், எழுதிக்கோ'' என்று டிக்டேட் பண்ண ஆரம்பித்தார். மூன்றாவது வரியில்தான் புரிந்தது, என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு! கை நடுங்க டைப் பண்ணி எடுத்துக்கொண்டு போனேன். பார்த்தார்.

''லோகோ இதே அளவுல சின்னதாவே இருக்கட்டும்'' என்றார். அவ்வளவுதான். அந்த விஷயத்தை அதற்கப்புறம் அவர் பேசவே இல்லை.

இப்போதும் அதே கதைதான்

இன்றைக்கு ஆபீஸ் பிரின்ட்டர்களில் 256 எம்.பி., 512 எம்.பி., ஒரு ஜி.பி. என்று மெமரி கொழிக்கிறது. ஆனால், நாம் ஏற்றும் கூட்டமும் கூடிவிட்டது. 600 புள்ளியில் ஒரு பக்கம் 43 லட்சம் பைட். 1200 என்றால் அதைப் போல நாலு மடங்கு. கலர் பிரின்ட்டர் என்றால் கறுப்போடு மூன்று வண்ணம், மறுபடி நாலால் பெருக்குங்கள்.

நம் ஊர்க் கடைகளில் வருடக்கணக்கில் உழைத்த கேனன் எல்.பி.பி. 2900, ஹெச்.பி. லேசர்ஜெட் 1020 இரண்டிலும் மெமரி எவ்வளவு தெரியுமா? வெறும் 2 எம்.பி.! 600 புள்ளிக்கு அது பாதிகூடக் காணாது. ரகசியம் என்னவென்றால், அவை சொந்தமாகச் சமைப்பதில்லை. கம்ப்யூட்டரே பக்கத்தைப் புள்ளியாக்கிச் சுருக்கி, டிபன் கேரியரில் அனுப்பிவிடும். இந்த ஜாதி பிரின்ட்டர் திணறினால், கோளாறு பல நேரம் கம்ப்யூட்டர் பக்கம்தான். அதன் டிஸ்க்கில் காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

புது பிரின்ட்டர் கேட்டு மேலிடத்துக்கு எழுதும் முன் இதையெல்லாம் செய்து பாருங்கள்:

* வரவில்லை என்றால் மறுபடி அமுக்காதீர்கள். முதலில் க்யூவைத் திறந்து பாருங்கள். உங்கள் கோபத்தைப் பிரதி எடுக்க பிரின்ட்டர் தேவையில்லை.

* பில், லெட்டர், கணக்குக்கு 600 தாராளம். 1200-ஐ கல்யாண ஆல்பத்துக்கு வையுங்கள்.

* ஸ்கேன் செய்யும்போதே கறுப்பு வெள்ளை, 200 அல்லது 300 புள்ளி என்று செய்யுங்கள். கலர் போட்டோ பிடித்து பி.டி.எஃப். ஆக்கினது யானை.

* பெரிய ஃபைலைப் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரியுங்கள். ஒரே ஒரு பக்கம் மட்டும் அடம் பிடித்தால், அதைத் தனியாக, 'அட்வான்ஸ்ட்' பட்டனுக்குள் இருக்கும் 'பிரின்ட் ஆஸ் இமேஜ்' போட்டு, புள்ளியைக் குறைத்து எடுங்கள்.

* பின் நம்பர் போட்டால்தான் வரும் என்று சேமித்த பிரின்ட்கள் எடுக்கும் வரை உள்ளேயே குடியிருக்கும். எடுங்கள், இல்லையேல் அழியுங்கள். ஹார்டு டிஸ்க் உள்ள வாடகை மெஷினைத் திருப்பித் தரும்போது டிஸ்க்கைத் துடைக்கச் சொல்லுங்கள். ஆஃப் பண்ணினால் மெமரி மறக்கும், டிஸ்க் மறக்காது. உங்கள் சம்பளப் பட்டியல் அடுத்த ஆபீஸுக்குப் போக வேண்டாம்!

* இத்தனைக்கும் பிறகு தினமும் திணறினால், மெமரி வாங்குங்கள். வாங்கும் முன், உங்கள் மாடலில் அதற்கு இடம் உண்டா, எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். சின்ன பிரின்ட்டர்கள் பலவற்றில் இடமே கிடையாது.

நம்ம அக்கவுன்ட்ஸ் பையனுக்கு வருவோம். ஒன்பதில் எட்டை அழித்தேன். 1200-ஐ 600 ஆக்கினேன். பத்துப் பத்துப் பக்கமாக அனுப்பச் சொன்னேன். பதினொரு மணிக்கு 64 பக்கமும் மேஜையில்.

''எப்படி ஸார்? அதே பிரின்ட்டர்தானே?''

''பஸ் அதேதான்ப்பா. நீ எல்லாரையும் ஒரே படிக்கட்டுல ஏத்தினே. நான் வரிசையில நிக்க வெச்சேன்.''

தலையாட்டினான். ரொம்ப மரியாதையாக, ''ஸார், இந்த மாசக் கடைசியில என் புரொபேஷன் முடியுது...'' என்று இழுத்தான்.

சிரித்துக்கொண்டே என் மேஜைக்குத் திரும்பினேன். டீ ஆறிப்போய், மேலே ஆடை கட்டியிருந்தது.